பேரேட்டை மீண்டும் திறக்க எனக்கு 14 மாதங்கள் ஆயின

தொழிலில் தோற்ற ஒருவர் அந்தத் தோல்வியிலிருந்து பாடம் கற்று மீண்டும் எழுவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் தொனியைப் பார்த்தால், நீங்கள் அண்மையில்தான் தொழிலை மூடியிருக்கிறீர்கள் என்றும், தோல்விதான் வெற்றியின் முதற்படி என்று யாரோ சொன்னது உங்களுக்கு ஆறுதலைவிட எரிச்சலையே தந்திருக்கிறது என்றும் ஊகிக்கிறேன். ஊகம் தவறானால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அப்படித்தான் இருந்தது.

அட்டைப்பெட்டி தயாரிக்கும் சிறு தொழிற்கூடம் ஒன்றை ஆறு ஆண்டுகள் நடத்தி, ஏழாம் ஆண்டில் நொடித்துப்போனவன் நான். இப்போது அதே துறையில், முன்பைவிடச் சிறிய அளவில், இரண்டாவது முறையாகத் தொழில் செய்கிறேன். பெரும் பணக்காரன் ஆகிவிடவில்லை. ஊரார் பணத்தை முடக்கியவனுக்கு அறிவுரை சொல்ல என்ன தகுதி என்று கேட்கத் தோன்றுபவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: முதல் தொழிலின் கடைசிக் கடனை அடைத்த பிறகே இரண்டாவதைத் தொடங்கினேன்.

முதல் ஐந்து ஆண்டுகள் இருபதுக்கும் மேற்பட்ட சிறு வாடிக்கையாளர்களை வைத்துக்கொண்டு தொழில் அமைதியாக ஓடியது. ஆறாம் ஆண்டில், என் மொத்த விற்பனைக்கு ஈடான ஆர்டரோடு ஒரு பெரிய நிறுவனம் வந்தது. பணம் 90 நாள் கழித்துத்தான் தருவார்கள். எங்கள் மூத்த இயந்திர ஆபரேட்டர் செய்தியைக் கேட்டுவிட்டு, "பார்ட்டி பெரிசானா பாக்கியும் பெரிசாகும், தம்பி" என்றார். "நீங்க மிஷினைப் பாருங்கண்ணே, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனேன்.

அவர் சொன்னதைக் கணக்காக்கினால் இப்படி வரும். காகித ரீல் கிடங்கில் 20 நாள் இருக்கும். பெட்டியாகி வெளியே போக 5 நாள். பில் போட்டபின் பணம் வர 90 நாள். ஆக 115 நாள். ரீலுக்கான பணத்தைக் காகித ஆலைக்கு 15 நாளில் கொடுத்துவிட வேண்டும் என்பதால், மீதி 100 நாளும் முடங்கிக் கிடப்பது என் பணம். நூறு ரூபாய் விற்பனைக்கு எட்டு ரூபாய் லாபம் வரும் தொழிலில், விற்பனை ஒரே மூச்சில் இரட்டிப்பானால் அந்த லாபத்தைக் கொண்டு இந்தப் பள்ளத்தை நிரப்ப முடியாது, கடன்தான் நிரப்பும். நான் நஷ்டத்தில் மூழ்கவில்லை. கணக்கில் லாபம் காட்டிக்கொண்டே, கையில் காசில்லாமல் மூழ்கினேன். 90 நாள் 130 நாளானபோது வங்கியின் ஓவர்டிராஃப்ட் வரம்பு, அதாவது கணக்கில் இருப்பதற்கு மேல் எடுக்க வங்கி அனுமதிக்கும் தொகை, முட்டியது. ஆலை ரீல் அனுப்புவதை நிறுத்தியது.

இயந்திரத்தை வாங்க வந்தவர், அட்டைக்குள் நெளிவு போடும் உருளையின் பற்கள்மீது கட்டைவிரல் நகத்தை மெல்ல ஓட்டிப் பார்த்துவிட்டு, "தேஞ்சிருக்கே" என்று விலையைக் குறைத்தார். பாதி தீர்ந்த ரீல் ஒன்று இன்னும் தாங்கியிலேயே இருந்தது. அவர் குறைத்த தொகையைவிடப் பல மடங்கு பெரிய கடன் தலைக்குமேல் நிற்க, அந்தத் தேய்மானத்தைப் பற்றி மட்டும் அரைமணி நேரம் அவரோடு வாதாடினேன்.

அதன்பின் 14 மாதங்கள், அந்த நிறுவனம் என்னை ஏமாற்றிவிட்டது என்று கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது முழுப் பொய்யும் அன்று. அவர்கள் தாமதித்தது உண்மை. ஆனால் ஒருநாள் வேறு எதற்கோ பேரேட்டைத் திறந்தபோது, அவர்களுடைய இரண்டாவது பில்லே 97ஆம் நாளிலும் மூன்றாவது 104ஆம் நாளிலும் வசூலாகியிருப்பதைக் கண்டேன். ஒவ்வொரு வரவின் ஓரத்திலும் என் பென்சில் குறி இருந்தது. பார்த்திருக்கிறேன், பார்த்த பிறகும் ஒன்பது மாதம் சரக்கு அனுப்பியிருக்கிறேன். காரணம் வெட்கக்கேடானது: அந்த நிறுவனத்தின் பெயரை என் வாடிக்கையாளர் என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளும் பெருமையைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை. நான் கற்ற பாடம் என்று ஒன்று இருந்தால் அது இந்தப் பக்கத்தில்தான் இருந்தது. தொழிலை மூடிய நாளில் நான் எதையும் கற்கவில்லை.

இங்கே எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. கட்டணம் வாங்கிக்கொண்டு ஊக்க உரை ஆற்றுபவர்கள், பிரிட்டிஷ் கண்டுபிடிப்பாளர் ஜேம்ஸ் டைசன் பையில்லாத் தூசு உறிஞ்சிக்காக 5,127 மாதிரிகள் செய்தார் என்பதைத் தவறாமல் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் ஒரு மாதிரி தோற்றால் அடுத்ததில் ஒரே ஒரு மாற்றம் செய்து விளைவைப் பார்க்கலாம். நிறுவனம் அப்படித் தோற்பதில்லை. பத்துக் காரணங்கள் பின்னிக்கொண்டு ஒரே முறையாக விழும், எந்த இழை முதலில் அறுந்தது என்று தேடினால்தான் தெரியும். அந்த ஆண்டுகளில் டைசனின் மனைவி ஓவியம் கற்பித்து ஈட்டிய வருமானம் குடும்பத்தைத் தாங்கியதை இவர்களில் எவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

மீண்டெழுந்த கதையும் அப்படித்தான். முதலில் தொழிலாளர் சம்பள பாக்கியைத் தீர்த்தேன். பிறகு கடன் கொடுத்த பதினொரு பேரையும் அவர்கள் என்னைத் தேடி வருவதற்குமுன் நானே நேரில் சென்று பார்த்து, மாதம் எவ்வளவு என்னால் முடியும் என்று எழுதிக் கொடுத்தேன். ஒன்பது பேர் ஒப்புக்கொண்டனர். இன்னொருவர் நிறுவனத்தில் வசூல் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். என்னை மன உறுதி உள்ளவன் என்று அப்போது பாராட்டியவர்கள் உண்டு. அந்த உறுதியில் பெரும்பகுதி மாதச் சம்பளம் தந்தது.

இப்போது, எந்த வாடிக்கையாளரும் விற்பனையில் கால்பங்கைத் தாண்ட விடுவதில்லை. அடுத்த 13 வாரங்களுக்கு எந்த வாரம் எவ்வளவு வரும், எவ்வளவு போகும் என்று ஒரே தாளில் எழுதி, வாரந்தோறும் திருத்துகிறேன். பெரிய முடிவு எடுக்குமுன், உளவியலாளர் கேரி க்ளைன் 2007இல் எழுதிய முறைப்படி, இது ஏற்கெனவே படுதோல்வி அடைந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, ஏன் தோற்றது என்று ஒரு நோட்டில் எழுதுகிறேன். பெருமைக்காகச் செய்தேன் என்ற வரி அதில் அடிக்கடி வருகிறது.

போன மாதம் என் வாடிக்கையாளர்களில் ஒருவர் ஆர்டரை மூன்று மடங்காக்குவதாகச் சொல்லி, 75 நாள் தவணை கேட்டார். கை பரபரத்தது. இரண்டு நாள் கழித்து, 30 நாள் என்றால் ஒன்றரை மடங்கு வரை செய்து தருகிறேன் என்று பதில் எழுதினேன். அவரிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.