பினாங்குப் பயணம்: போங்கள், ஆனால் பங்காளிகளிடம் பேசிவிட்டு

கானாடுகாத்தான் பூர்வீக வீட்டைத் தங்கும் விடுதியாக்க நினைக்கிறீர்கள், அதற்கு முன் மலேசியாவின் பினாங்கில் உள்ள ஜார்ஜ் டவுனில் நடக்கும் தொழில்முனைவோர் பரிமாற்றப் பயிற்சிக்குப் பணம் கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகக் கட்டலாம். அந்த ஊர் 2008-இலேயே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிவிட்டது, நம் செட்டிநாட்டு ஊர்கள் 2014-இலிருந்து அதற்கு முந்தைய படியான உத்தேசப் பட்டியலில்தான் இருக்கின்றன, அதனால் நமக்கு இனிமேல் வரக்கூடியதை அவர்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள். அங்கே பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000-இல் முடிவுக்கு வந்தது, வாடகை ஏறியது, பல தலைமுறையாக இருந்த குடித்தனக்காரர்கள் நிறையப் பேர் வெளியேறினார்கள், கீழே கடையும் மேலே வீடுமான கடைவீடுகள் பல விடுதிகளாகவும் காபிக் கடைகளாகவும் மாறின. ஆகவே விடுதி முதலாளிகளோடு நிறுத்திக்கொள்ளாமல் இன்னும் அங்கேயே தாக்குப்பிடிக்கும் சிறு வியாபாரிகளிடமும் பேசுங்கள், எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. 'திங்க் சிட்டி' என்ற அமைப்பு 2009-இலிருந்து கட்டடச் சீரமைப்புக்கு மானியம் கொடுத்து வந்த முறையையும் விசாரியுங்கள்.

முடிந்தால் உங்கள் கொத்தனாரையும் கூட்டிப் போங்கள். அங்கும் சுண்ணாம்புச் சுவர்தான், மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும், இரண்டு ஊர்க்காரர்களுக்கும் பேச நிறைய இருக்கும்.

அப்புறம், பங்காளிகள் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிட்டீர்களா? பினாங்கில் அதற்கு வழி கிடைக்காது, முதலில் அதை முடியுங்கள்.