ரீகர்வ் வில்லின் லிம்புகள்: கேள்வி பதில்

கேள்வி: என் ரீகர்வ் வில்லின் (நுனிகள் முன்புறம் வளைந்த வில்) லிம்பில், அதாவது பிடிக்கு மேலும் கீழும் உள்ள வளையும் பகுதியில், 36 பவுண்டு என்று பொறித்திருக்கிறது, தராசோ 32 காட்டுகிறது. லிம்ப் பழுதா?

பதில்: பழுதில்லை. பொறித்திருப்பது 28 அங்குல இழுப்புக்கான எடை, அதாவது நாணை அவ்வளவு தூரம் இழுக்கத் தேவையான விசை. பிடியின் ஆழமான புள்ளியிலிருந்து நாண் வரையுள்ள 26¼ அங்குலத்துடன் 1¾ அங்குலம் கூட்டி அந்த 28 அங்குலத்தைக் கணக்கிடுவார்கள். இழுப்பு ஓர் அங்குலம் குறைந்தால் ஏறக்குறைய 2 பவுண்டு குறையும். தங்கள் இழுப்பு 26 அங்குலத்தை ஒட்டியதாக இருக்கக்கூடும்.

கேள்வி: லிம்பின் நுனி ஏன் முன்புறம் வளைந்திருக்கிறது?

பதில்: நாணேற்றிய வில்லைப் பக்கவாட்டில் பார்த்தால், நாண் நுனியருகே லிம்பின் மீதே படிந்திருப்பது தெரியும். இழுக்க இழுக்க அது லிம்பை விட்டு எழும்புவதால் நெம்புகோலின் நீளம் கூடுகிறது. ஆகவே கடைசி அங்குலங்களில் பாரம் சட்டென்று ஏறுவதில்லை. அப்போது லிம்பின் இலக்குப் பக்கம் இழுவிசையையும், வில்லாளரின் பக்கம் அமுக்கவிசையையும் தாங்குகின்றன; அதனால்தான் நடுவில் மரமோ ஃபோமோ வைத்து, இருபுறமும் கண்ணாடியிழை அல்லது கார்பன் ஒட்டுகிறார்கள். சேர்ந்த ஆற்றலின் பெரும்பகுதியை அம்பு எடுத்துச் செல்ல வேண்டும். அம்பு இல்லையேல் அது லிம்புக்கே திரும்பி, ஒட்டிய அடுக்குகளைப் பிளந்துவிடும். அம்பில்லாமல் நாணை ஒருபோதும் விடாதீர்கள்.

கேள்வி: டில்லரை எப்படிச் சரிசெய்வது?

பதில்: டில்லர் என்பது மேல், கீழ் லிம்புகளிலிருந்து நாண் வரையுள்ள தூரங்களின் வித்தியாசம். லிம்ப் ரைசருடன் (பிடி உள்ள நடுப்பகுதி) சேருமிடத்திலிருந்து நாணுக்குச் செங்குத்தாக, மேலும் கீழும் அளந்து பாருங்கள். மூன்று விரல்களில் ஒன்று அம்புக்கு மேலும் இரண்டு கீழுமாகப் பிடிப்பவர்களுக்கு, மேல் அளவு சில மில்லிமீட்டர் கூடுதலாக இருப்பது வழக்கம். அதைக் கூட்ட, நாணைக் கழற்றி, பூட்டுத் திருகைத் தளர்த்தி, மேல் லிம்பை ரைசருடன் பிணைக்கும் போல்ட்டைச் சிறிது வெளியே திருப்புங்கள்.

கேள்வி: இரண்டும் சமமாக இருந்தாலே போதும், இந்த வித்தியாசமெல்லாம் பழைய பழக்கம் அல்லவா?

பதில்: இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. கை அழுத்துமிடம் வில்லின் நடுப்புள்ளிக்குக் கீழேயும், அம்பு பூட்டுமிடம் அதற்கு மேலேயும் இருப்பதால், இரு லிம்புகளின் மீதும் விழும் சுமை ஒன்றல்ல. மூன்று விரல்களையும் அம்புக்குக் கீழே வைப்பவருக்குச் சம அளவு பொருந்தலாம் என்பது உண்மைதான். அதை எல்லோருக்குமான விதியாக்கக் கூடாது. இழுக்கும்போது வில் மேலோ கீழோ சாய முனைகிறதா என்று கவனியுங்கள். அளவுகோலைவிட அதுவே நம்பகமான சாட்சி.

கேள்வி: டில்லரைச் சமமாக வைத்துத்தான் நான் நன்றாக எய்கிறேனே?

பதில்: அப்படியானால் மாற்ற வேண்டாம். என் மறுப்பு அந்தப் பொதுவிதிக்கு மட்டுமே.

கேள்வி: 34 பவுண்டு லிம்ப், தராசில் 31. ஏன்?

பதில்: முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: நாணை வெறுமனே இழுத்துவிட்டு லிம்பைச் சோதிக்கலாமா?

பதில்: கூடாது. மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: எடையைக் குறைக்கப் போல்ட்டை எவ்வளவு தளர்த்தலாம்?

பதில்: இரண்டையும் சம அளவில், தயாரிப்பாளர் குறித்த எல்லைக்குள் மட்டும் தளர்த்துங்கள். அதைத் தாண்டினால் மரைப்பிடிப்பு போதாமல், முழு இழுப்பில் போல்ட் பிய்ந்து லிம்ப் தெறிக்கக்கூடும். அந்த எல்லையிலும் பாரம் மிகுதியென்றால், குறைந்த எடையுள்ள லிம்பை மாட்டுங்கள்.