58 ரூபாய்த் தக்காளி விலையைக் கணக்கிலிருந்து அடிப்பதா, வைப்பதா?

பாலக்கோடு மண்டியில் 11 நாள் கிலோ விலையை எழுதி வைத்தேன்: 12, 13, 13, 14, 14, 15, 15, 16, 16, 17, 58. கடைசி எண் அவுட்லையர் (மற்றவற்றைவிட்டு வெகுதூரம் விலகி நிற்கும் எண்) என்று கண்ணுக்கே தெரிகிறது. ஆனால், ‘சராசரியிலிருந்து மூன்று திட்ட விலக்கம் தாண்டினால் அவுட்லையர்’ என்ற விதியில் அது தப்பிவிடுகிறதே? — வாசகர், பாலக்கோடு

உங்கள் கணக்கு சரி, விதிதான் இங்கே உதவாது. சராசரி 18.45; எண்கள் அதைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கம் 13.20. மூன்று மடங்கைக் கூட்டினால் எல்லை 58.06. ஆறு பைசாவில் தப்பிவிட்டது! அந்த 58-ஏ சராசரியை மேலே இழுத்து, திட்ட விலக்கத்தையும் ஊத வைத்து, தனக்குத் தானே இடம் பண்ணிக்கொள்கிறது. 10 அல்லது அதற்குக் குறைந்த எண்கள் இருந்தால், ஒன்று 5,800 ஆக இருந்தாலும் இந்த விதியில் மாட்டவே மாட்டாது.

புள்ளியியலாளர் ஜான் டூக்கியின் 1.5 விதியைப் போடுங்கள். கால்மானங்கள் என்பவை ஏறுவரிசையை நான்காகப் பிரிக்கும் எண்கள். ஏறுவரிசையில் 3-வது எண் முதல் கால்மானம், 13. 9-வது எண் மூன்றாம் கால்மானம், 16. இடைவெளி 3, அதன் ஒன்றரை மடங்கு 4.5. அதை முதல் கால்மானத்திலிருந்து கழித்தால் கீழ் எல்லை 8.5, மூன்றாம் கால்மானத்தோடு கூட்டினால் மேல் எல்லை 20.5. 58 வெளியே நிற்கிறது.

அதற்காக உடனே அடித்துவிடாதீர்கள். முதலில் மண்டி ரசீதைப் பாருங்கள். 18-ஐ 58 என்று எழுதியிருந்தால் திருத்துங்கள். வரத்து குறைந்து நிஜமாகவே அந்த விலை போயிருந்தால், அந்த எண் இருக்கட்டும். ‘வழக்கமான விலை’ என்று சொல்ல, வரிசையின் நட்டநடுவில் நிற்கும் இடைநிலை அளவான 15-ஐ எடுங்கள்.

மா ஒட்டுக்கன்று 100-க்கு 80 பிழைக்கும் என்கிறார்கள். 10 வைத்தால் 8 நிச்சயம்தானே? — வாசகி, போச்சம்பள்ளி

நிச்சயமில்லை அம்மா. இது ஈருறுப்புப் பரவல்: ஒவ்வொரு கன்றும் பிழைக்கும் அல்லது பட்டுப்போகும், வாய்ப்பு 0.8. சரியாக 8 பிழைக்க நிகழ்தகவு 45 × 0.8⁸ × 0.2² = 0.302. பத்தும் பிழைக்க 0.107. எட்டோ அதற்கு மேலோ பிழைக்க 0.678, அதாவது மூன்றில் இரண்டு பங்குதான். எட்டு மரம் வேண்டுமென்றால் 13 கன்று வாங்குங்கள், வாய்ப்பு 0.97 ஆகிவிடும். 12 வாங்கினால் 0.93.

ஒரு இடறல் இருக்கிறது. ஒரு கன்றின் கதி இன்னொன்றைப் பாதிக்காது என்று வைத்துத்தான் இந்தக் கணக்கு. ஒரே வரிசையில் கரையான் புகுந்தாலோ, சொட்டுநீர்க் குழாய் அடைத்தாலோ கூட்டமாகத்தான் போகும். அப்போது பத்துக்குச் சராசரி 8 என்பது மாறாவிட்டாலும் 4, 5 மட்டும் மிஞ்சுவது கணக்கு காட்டுவதைவிட அடிக்கடி நடக்கும். 13-ம் போதாமல் போகலாம்.

ஒகேனக்கல் நீர்வரத்தை ‘8,000 கன அடி’ என்று முழு எண்ணில் சொல்கிறார்களே, அது தனிநிலை மாறியா? — மாணவர், பென்னாகரம்

இல்லை. அளப்பதைத் தோராயமாக்கிச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். நீர்வரத்து தொடர் மாறி: இரண்டு எண்களுக்கு நடுவே எந்த மதிப்பும் வரலாம். ஒரு மாதத்தில் பரிசல் ஓடாத நாட்கள் எத்தனை என்று எண்ணினால், 0, 1, 2 என நடுவே எதுவும் இல்லாமல் வரும் அதுதான் தனிநிலை மாறி.