பட்டைதான் தாங்கும்: பிரா பற்றிய கேள்விகளும் பதில்களும்

செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்த கேள்விகள். பெயரில்லாமல் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒருவர் கேள்வியில் எல்லாருக்கும் பதில் இருக்கிறது.

காரைக்குடி: அக்கா, என் ப்ளவுஸ் அளவு 36. பிராவும் 36 தான் வாங்குறேன். முதுகுப் பக்கம் மேல ஏறிக்குது. ஸ்ட்ராப்பை எவ்வளவு இறுக்கினாலும் தோள்ல இருந்து நழுவுது. கம்பெனியை மாத்திப் பாக்கவா?

கம்பெனியை விடுங்கள், அளவுதான் தப்பு. டெய்லர் சொல்லும் 36 என்பது, மார்பு எடுப்பாக இருக்கும் இடத்துச் சுற்றளவு, அங்குலக் கணக்கில். பிராவில் அச்சடித்திருக்கும் எண், மார்புக்குக் கீழே விலா எலும்பின் மேல் உட்காரும் பட்டைக்கு உரியது. எடையில் பெரும்பங்கைத் தாங்குவது அந்தப் பட்டை. ஸ்ட்ராப்புக்கு உள்ள வேலை கப்பை உடம்போடு ஒட்டி நிறுத்துவதுதான். பட்டை தளர்வாக இருந்தால் முன்பக்க எடை கீழே இழுக்கும், பின்பக்கம் மேலே ஏறும். பின்பக்கம் ஏறியதும் ஸ்ட்ராப் தொளதொளத்து நழுவும். நீங்கள் ஸ்ட்ராப்பை இறுக்க இறுக்க, அது பட்டையை இன்னும் மேலே தூக்கும்.

இன்ச் டேப்பின் சென்டிமீட்டர் பக்கத்தை எடுங்கள். மூச்சை வெளியே விட்டு, மார்புக்கு நேர் கீழே, முதுகில் டேப் தாழாமல் ஏறாமல், இறுக்கிப் பிடித்து ஓர் அளவு. பிறகு பஞ்சு வைக்காத பிரா ஒன்றைப் போட்டுக்கொண்டு, எடுப்பான இடத்தில் டேப்பை அழுத்தாமல் இன்னோர் அளவு. மார்பு தளர்ந்தவர்கள் லேசாகக் குனிந்து அளந்தால் சரியாக வரும்.

முதல் அளவு 76, இரண்டாவது 91 என்று வைத்துக்கொள்வோம். இங்கே விற்கும் பல கம்பெனி அட்டவணைகளில் 73 முதல் 77 வரை 34, 78 முதல் 82 வரை 36. இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம் 12-14 சென்டிமீட்டர் என்றால் ஏ கப், 14-16 பி, 16-18 சி, 18-20 டி. ஆக 76-91 என்பவருக்கு 34பி. ப்ளவுஸ் கணக்கில் 36 கேட்டு வாங்கியது இவருக்குப் பட்டையில் ஒரு படி பெரிது.

எல்லாக் கம்பெனியும் ஒரே கணக்கு வைப்பதில்லை. அதனால் எழுத்தை மனப்பாடம் செய்யாமல், இந்த இரண்டு எண்ணையும் போனில் குறித்துவைத்துக்கொண்டு, கடையில் பெட்டிக்குப் பின்னால் உள்ள அட்டவணையைப் பாருங்கள். பட்டையில் ஒரு படி இறங்கினால் கப்பில் ஒரு படி ஏற வேண்டும். 34பி, 32சி, 36ஏ மூன்றுக்கும் கப்பின் கொள்ளளவு ஒன்றுதான். 34பி-யில் கப் சரியாக இருந்து பட்டை மட்டும் தளர்ந்தால் 32சி கேளுங்கள், 32பி அல்ல.

புது பிராவைக் கடைசி ஹூக்கில், அதாவது மிகத் தளர்வான வரிசையில் மாட்டிப் பார்த்து வாங்க வேண்டும். நாளாக ஆக எலாஸ்டிக் இளகும்போது உள்ளே நகர்த்திக்கொள்ள அப்போதுதான் இடம் இருக்கும். மாட்டியதும் கையை உள்ளே விட்டு, அக்குள் பக்கம் ஒதுங்கிய சதையைக் கப்புக்குள் கொண்டுவாருங்கள். இதைச் செய்யாததால் பலர் தேவையைவிடச் சின்னக் கப் வாங்குகிறார்கள். பிறகு இரண்டு கையையும் மேலே தூக்குங்கள். பட்டை கூடவே ஏறினால் தளர்வு. பட்டைக்கும் முதுகுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் போதும், கை முழுதும் நுழையக் கூடாது.

போட்டுப் பார்க்க விடாத கடை என்றால் பட்டையை டேப்போடு சேர்த்து இழுத்துப் பாருங்கள். இழுக்காமலே உங்கள் முதல் அளவு (மேலே சொன்ன கணக்கில் 76) வந்தால் அது உங்களுக்கு ஆகாது. அந்த அளவுக்கு வர அழுத்தமாக இழுக்க வேண்டும், அதற்கு மேலும் 5 சென்டிமீட்டர் போக வேண்டும்.

காரைக்குடி, கல்லூரி மாணவி: போலீஸ் செலக்‌ஷனுக்குக் காலைல ஓடிப் பழகுறேன் அக்கா. வலிக்குதுன்னு ரெண்டு பிரா ஒண்ணு மேல ஒண்ணு போட்டுக்கிறேன். தப்பா?

ஆபத்து இல்லை. ஆனால் விலாவில் இரண்டு பட்டை இறுகினால் வேகமாக ஓடும்போது மூச்சு முட்டும், நடுவே வியர்வை தேங்கும். சரியான ஸ்போர்ட்ஸ் பிரா ஒன்று இரண்டின் வேலையையும் செய்யும்.

மார்புக்குள் அதைத் தூக்கி நிறுத்தும் தசை கிடையாது. தோலும், கூப்பர் இழைகள் என்கிற மெல்லிய இழைகளும்தான் பிடித்துவைத்திருக்கின்றன. ஓடும்போது அது மேலும் கீழும் மட்டும் ஆடுவதில்லை, பக்கவாட்டிலும் முன்னும் பின்னும் ஆடுகிறது. அதனால்தான் வலி.

ஸ்போர்ட்ஸ் பிராவில் இரண்டு வகை. தலைவழியாகப் போட்டு மார்பு முழுவதையும் சப்பையாக அழுத்தும் வகை, சிறிய மார்புக்கும் யோகாவுக்கும் நடைக்கும் சரி. ஒவ்வொரு பக்கத்துக்கும் தனிக் கப் வைத்துத் தைத்த வகை, சி கப்புக்கு மேல் உள்ளவர்கள் ஓட வேண்டியது. தனிக் கப்பும் அதன்மேல் அழுத்தும் துணியும் சேர்ந்து வருவது ஓட்டத்துக்கு இன்னும் நல்லது. எஸ், எம், எல் என்று மட்டும் போட்டிருப்பதைவிட 34சி என்பதுபோல் இரண்டு அளவும் போட்டிருப்பதை எடுங்கள். பின்னால் ஹூக் இருந்தால் பட்டையைச் சரிசெய்ய முடியும், வியர்த்த உடம்பிலிருந்து கழற்றவும் சுலபம். ஸ்ட்ராப் அகலமாக இருக்கட்டும், அதிகம் இழுபடக் கூடாது.

கடையில் கண்ணாடி முன் பத்துத் தடவை குதியுங்கள். உடம்பும் மார்பும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால் எடுத்துக்கொள்ளலாம். மார்பு பிந்தி வந்தால் வைத்துவிடுங்கள். ஆழமாக நான்கு மூச்சு இழுக்கவும் முடிய வேண்டும். வழக்கமான பிராவைவிட இறுக்கமாகத்தான் தோன்றும், ஆனால் கழற்றிய பிறகு வெகுநேரம் மறையாத தழும்பு விழுந்தால் அது மிகை.

இந்தச் சாமான் வந்ததே அண்மையில்தான். 1977-இல் அமெரிக்காவின் வெர்மாண்ட் பல்கலைக்கழகத்தில் லிசா லிண்டால், பாலி ஸ்மித், ஹிண்டா மில்லர் மூவரும் ஆண்கள் விளையாட்டுக்குப் போடும் ஜாக்ஸ்ட்ராப் இரண்டை இணைத்துத் தைத்த மாதிரியிலிருந்துதான் ஸ்போர்ட்ஸ் பிரா பிறந்தது. அதற்கு முன் ஓடிய பெண்கள் எல்லாரும் உங்களைப் போலத்தான் ஏதாவது செய்து சமாளித்திருப்பார்கள்.

கோட்டையூர்: தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கப் போறோம். போன தடவை மார்புக்கு அடியிலயும் அக்குள்லயும் தோல் வழண்டு போச்சு. இந்தத் தடவை சுத்தப் பருத்தியே போட்டுக்கலாமா?

பகல் நடைக்கு வேண்டாம். சுத்தப் பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், சீக்கிரம் காயாது. ஈரத்துணி நாள் முழுதும் உரசினால் தோல் வழளத்தான் செய்யும். நடக்கும்போது சீக்கிரம் காயும் நைலான் அல்லது பாலியஸ்டர் பின்னல் ஸ்போர்ட்ஸ் பிரா, இரவு தங்கும் இடத்தில் கழுவித் துடைத்துவிட்டுத் தளர்வான பருத்தி. இதுதான் சரிவரும்.

பிராவை உள்பக்கம் திருப்பி, பட்டைத் தையலையும் அக்குள் ஓரத்தையும் லேபிளையும் விரலால் தடவிப் பாருங்கள். விரலில் உறுத்துவது தோலை அறுக்கும். லேபிளை வெட்டும்போது முனை நீட்டிக்கொண்டு நிற்காமல் தையலோடு ஒட்டி வெட்டுங்கள். புதுசை அங்கே போய்த் திறக்காதீர்கள், நான்கைந்து தடவை துவைத்து உடுத்திப் பழகியதாக இருக்கட்டும். புறப்படும்போதே பட்டை படும் இடத்தில் வாஸ்லைன் மெல்லியதாக. மதியம் நின்றால் துடைத்துவிட்டு மறுபடி. தோளில் மாட்டும் பையின் வார் பிரா ஸ்ட்ராப் மேலேயே உட்கார்ந்தால் அங்கேயும் புண்ணாகும், இடுப்பில் கட்டும் பை நல்லது.

கண்டனூர்: ஒன்பதாம் மாசம். பேறுகாலத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்கேன். ஃபீடிங் பிரா இப்பவே வாங்கலாமா, எத்தனை?

இப்போது இரண்டு மட்டும். கம்பி இல்லாததாக, கப் துணி இழுபடுவதாக. மீதியைப் பிள்ளை பிறந்து ஆறு வாரம் ஆன பிறகு, மறுபடி அளந்து வாங்குங்கள். பால் இறங்குவது பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள். அந்த வாரம் மார்பு கனத்துக் கல்லாகும், பிறகு மெல்ல அடங்கும். இப்போதே ஆறு வாங்கிவிட்டால் நான்கு வீணாகும்.

ஹூக் விஷயத்தில் பலர் குழம்புகிறார்கள். நிறைமாதத்தில் விலா விரிந்திருக்கும், பிரசவத்துக்குப் பிறகு சுருங்கும். அதனால் இப்போது கடைசி ஹூக்கில் வசதியாக இருப்பதை வாங்கினால் பிறகு உள்ளே நகர்த்திக்கொள்ளலாம். நான்காம் ஐந்தாம் மாதத்தில் வாங்குபவர்களுக்கு நேர் எதிர். இன்னும் விரியப் போவதால் முதல் ஹூக்கில், இறுக்கமான வரிசையில், சரியாக இருப்பதாக வேண்டும். கப்பில் உள்ளங்கையை நுழைக்கிற அளவு இடம் விடுங்கள், பால் இறங்கும்போது அதுவும் நிறைந்துவிடும்.

கிளிப்பை ஒரு கையால், பார்க்காமல், திறந்து மூடிப் பாருங்கள். பிள்ளை அழும்போது இன்னொரு கை உங்களிடம் இருக்காது. கப்பை இறக்கியதும் உள்ளே இருக்கும் துணி வளையத்தைக் கவனியுங்கள். வளையம் சின்னதாக இருந்தால் அதன் ஓரம் மார்பைச் சுற்றி அழுத்தும், அந்த இடத்தில் பால் கட்டும். பக்கவாட்டில் ஒரு வார் மட்டும் இருந்து மார்பு முழுதும் வெளியே வருவது நல்லது.

ஆறு வாரத்துக்குப் பிறகு மூன்று போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காயாது என்பதால் அப்போது நான்கு. பிறக்கும் முன்னே பிள்ளைக்குத் துணி எடுக்கக் கூடாது என்று ஆயா சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், இது உங்களுக்கு எடுப்பது.

தேவகோட்டை: பிள்ளைக்கு மூணு வாரம். இடது பக்கம் மேல கட்டியா இருக்கு, தொட்டா வலி. சாதாரண பிராவை மேல தூக்கிட்டுத்தான் பால் கொடுக்கிறேன்.

அந்தத் தூக்கிவிடுவதுதான் முதலில் நிற்க வேண்டும். கம்பியோ பட்டையோ சுருண்டு மார்பின் மேல்பாதியில் குறுக்காக அழுத்துகிறது. ஒவ்வொரு தடவையும் இருபது, முப்பது நிமிடம் அதே இடத்தில். கட்டி சரியாக அந்தக் கோட்டில் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். ப்ளவுஸின் கீழ் ஹூக்குகளைத் திறந்து மேலே ஒதுக்கினாலும் இதே கதைதான், எல்லா ஹூக்கையும் கழற்றிவிடுங்கள்.

பால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள், பிள்ளை கேட்கும்போதெல்லாம் கொடுங்கள். காலி பண்ண வேண்டும் என்று மிகையாகப் பீய்ச்சினால் பால் இன்னும் அதிகம் சுரக்கும். துணியில் சுற்றிய ஐஸ் அல்லது குளிர்ந்த ஈரத்துணி பத்து நிமிடம் வையுங்கள். வீட்டுப் பெரியவர்கள் கட்டியை எண்ணெய் போட்டு அழுத்தி உருவச் சொல்வார்கள். வேண்டாம், வீக்கம் அதிகமாகும். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ, தோல் சிவந்து பரவினாலோ, ஒரு நாளில் குறையாவிட்டாலோ டாக்டரிடம் போய்விடுங்கள். பால் கொடுக்கும்போதே சாப்பிடக்கூடிய மருந்து இருக்கிறது.

புதுவயல்: பால் கசிஞ்சு ப்ளவுஸ் நனையுது. கடையில விக்கிற பேட் கட்டுப்படியாகலை.

பழைய பருத்தி வேட்டி போதும். 11 சென்டிமீட்டர் வட்டமாக ஐந்து மடிப்பு வெட்டி, ஓரம் மட்டும் தையுங்கள். நடுவில் தையல் வந்தால் காம்பில் உறுத்தும். பன்னிரண்டு ஜோடி இருந்தால் ஒரு நாள் ஓடும். நனைந்ததும் மாற்றுங்கள். பிளாஸ்டிக் உறை மட்டும் வைக்க வேண்டாம், ஈரம் உள்ளேயே நின்று காம்பு வெடிக்கும், பூஞ்சை பிடிக்கும்.

காரைக்குடி: பிள்ளைக்கு நாலு மாசம். நடைப்பயிற்சி போகலாமா? ஸ்போர்ட்ஸ் பிரா அழுத்தினா பால் வத்திடுமா?

ஒரு மணி நேர நடைக்கு வற்றாது. நாள் முழுதும் அழுத்தினால்தான் பால் கட்டும், சுரப்பும் குறையும். பால் கொடுத்துவிட்டு உடனே கிளம்புங்கள், வந்ததும் கழற்றுங்கள். சப்பையாக அழுத்தும் வகை உங்களுக்கு வேண்டாம், தனிக் கப் வகை எடுங்கள். உடற்பயிற்சி செய்தால் பால் புளித்துவிடும் என்பது சும்மா பேச்சு. வியர்வை உப்பைப் பிள்ளை விரும்பாமல் போகலாம், துடைத்துவிட்டுக் கொடுங்கள்.

பள்ளத்தூர்: எனக்கு அறுபத்தஞ்சு வயசு. தோள்ல ஸ்ட்ராப் பள்ளம் விழுந்துபோச்சு. கை பின்னால போகல, ஹூக் போட முடியல. பேசாம பாடியே வேணாம்னு விட்டுடவா தாயீ?

விட வேண்டாம் ஆச்சி, வீட்டில் இருக்கும்போது வேண்டுமானால் விடுங்கள். முன்பக்கம் ஹூக் வைத்தது கேளுங்கள், மூன்று நான்கு ஹூக் வரிசையாக இருக்கும், கீழிருந்து மேலாகப் போட்டால் சிரமம் இல்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள். முன் ஹூக்கில் பெரும்பாலும் ஒரே வரிசைதான் இருக்கும், பிறகு இறுக்க முடியாது. அதனால் வாங்கும்போதே சிக்கென்று இருக்க வேண்டும். தோள் பள்ளத்துக்குக் காரணம் பட்டை தளர்ந்து, எடை முழுதும் ஸ்ட்ராப்பில் தொங்குவது. பட்டை சரியானால் ஸ்ட்ராப்பைத் தளர்த்தலாம். ஸ்ட்ராப் இரண்டு விரல் அகலம் இருக்கட்டும்.

திருப்பத்தூர்: வெயில் காலத்துல மார்புக்கு அடியில சிவந்து அரிக்குது, பவுடர் போட்டும் போகல.

பவுடரை நிறுத்துங்கள், வியர்வையோடு கட்டியாகி அதுவே உரசுகிறது. குளித்ததும் துண்டால் ஒற்றி, விசிறிக் காற்றில் உலர்த்திவிட்டுப் பிரா போடுங்கள். மதியம் ஒரு தடவை மாற்றுங்கள். சிவப்பைச் சுற்றிச் சின்னச் சின்னப் புள்ளிகள் இருந்தாலோ, தோல் வெடித்து வாடை வந்தாலோ அது பூஞ்சை, டாக்டர் தரும் களிம்பு வேண்டும்.

கானாடுகாத்தான்: கண்டாங்கிக்கு ப்ளவுஸ் தைக்கக் கொடுக்கணும். எந்தப் பிரா போட்டு அளவு கொடுக்கிறது?

அந்த ப்ளவுஸுக்குள் எதைப் போடப் போகிறீர்களோ அதைப் போட்டு. பிரா மாறினால் டார்ட் (மார்பு வடிவத்துக்காகப் பிடிக்கும் மடிப்புத் தையல்) முனை இடம் மாறிவிடும். பால் கொடுப்பவர் என்றால் இரண்டு பக்கத் தையலிலும் ஓர் அங்குலம் துணி விட்டு வைக்கச் சொல்லுங்கள்.

காரைக்குடி: ஆறு மாசத்துல எலாஸ்டிக் நைஞ்சுடுது. துவைக்கிறதுல தப்பா?

பெரும்பாலும் அப்படித்தான். வெந்நீர், பிளீச், முறுக்கிப் பிழிவது, உச்சி வெயில், நான்கும் எலாஸ்டிக்குக்கு ஆகாது. ஹூக்கை மாட்டிவிட்டுத் தண்ணீரில் கொஞ்சம் சோப்புத்தூள் போட்டுப் பத்து நிமிடம் ஊறவைத்து, கசக்கி அலசி, துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றுங்கள். வளவில் நிழல் விழும் பக்கம் கொடியில் நடுப்பகுதியை மடித்துப் போடுங்கள். ஸ்ட்ராப்பைப் பிடித்துத் தொங்கவிட்டால் ஈர எடையில் அது நீண்டுவிடும். ஒன்றையே நாள்தோறும் போடாமல் மாற்றி மாற்றிப் போடுங்கள். முதல் ஹூக்கில் மாட்டியும் பட்டை ஏறினால் அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான், ஸ்ட்ராப்பைச் சுருக்கித் தைத்து இன்னும் ஒரு வருஷம் ஓட்டப் பார்க்காதீர்கள்.