தாய்லாந்தில் இங்கிலீஷ் டீச்சர்: லெசன் பிளான் எங்கே தேடுவது?

தம்பி, மே நடுவில் பள்ளி திறந்ததும் உடோன் தானி பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ப்ரதோம் (தொடக்கப் பள்ளி) 3, 4 வகுப்புகளுக்கு இங்கிலீஷ் எடுக்கப் போகிறீர்கள். லெசன் பிளான் நல்லதாக எந்தத் தளத்தில் கிடைக்கும், காசு கட்டிச் சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கோன் கேன் பக்கம் ஒன்பது வருஷமாக இதே வேலையில் இருக்கிறேன். இப்போதைக்குக் காசு கட்ட வேண்டாம். அதற்கு முன்னால் வேறு வேலை இருக்கிறது.

போன முதல் நாளே உங்களோடு வகுப்பில் இருக்கும் தாய்லாந்து டீச்சரிடம் பிள்ளைகளின் புத்தகம், அதன் ஆசிரியர் கையேடு, பள்ளியின் லெசன் பிளான் படிவம் மூன்றையும் கேட்டு வாங்கிவிடுங்கள். லெசன் பிளானுக்கு அங்கே 'பேன் கான் ஸோன்' என்று பேர். படிவத்தில் 'த 1.1 ப.3/1' மாதிரி ஒரு குறியீடு கேட்பார்கள். அயல்மொழிப் பாடம், தரம் 1.1, ப்ரதோம் 3, முதல் குறியிலக்கு (பிள்ளை எட்ட வேண்டிய இலக்கு) என்று அர்த்தம். 2551-ஆம் ஆண்டுப் பாடத்திட்டம் என்று போட்டிருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம். பௌத்த ஆண்டு, 543 கழித்தால் 2008. எல்லாம் தாய்லாந்து எழுத்தில்தான் இருக்கும், போன் கேமராவைக் காட்டினால் மொழிபெயர்த்துவிடும். என் பிளானைப் பார்த்தவர்கள் முதலில் பார்த்தது அந்தக் குறியீட்டைத்தான். எந்தத் தளத்திலிருந்து எடுத்தாலும் அதைப் போடாமல் கொடுத்தால் திரும்பி வந்துவிடும்.

சரி, தளங்கள். பிரிட்டிஷ் கவுன்சிலின் 'டீச்சிங் இங்கிலீஷ்' தளத்தில் வயதுவாரியாகப் பிரித்த முழு லெசன் பிளான்கள் இலவசம். சின்னப் பிள்ளைகளுக்கு அவர்களுடைய 'லேர்ன் இங்கிலீஷ் கிட்ஸ்' போதும். பாட்டு, கதை, அதற்கேற்ற ஒர்க்‌ஷீட் எல்லாம் உண்டு. 'ஐஎஸ்எல் கலெக்டிவ்' டீச்சர்களே ஏற்றி வைக்கும் சந்தை. சரக்கு ஏராளம், எழுத்துப்பிழையும் உண்டு, படித்துப் பார்க்காமல் ஜெராக்ஸ் போடாதீர்கள். ப்ரொஜெக்டர் இருந்தால் 'வேர்ட்வால்', 'பாம்பூசில்' விளையாட்டுகளுக்குப் பிள்ளைகள் கூரையைப் பிய்ப்பார்கள். நம் ஆட்கள் யாரும் சொல்லாதது ஒன்று: ஹுவா ஹின்னிலிருந்து 1995 முதல் ஒளிபரப்பாகும் டிஎல்டிவி என்ற தொலைக்கல்வித் தொலைக்காட்சி. அதன் தளத்தில் ப்ரதோம் 3 இங்கிலீஷ் பாடம் வீடியோவாக இருக்கிறது. விளக்கம் தாய்லாந்து மொழியில்தான். ஆனாலும் ஒரு தாய்லாந்து டீச்சர் இந்த வயசுப் பிள்ளைகளை எவ்வளவு மெதுவாகக் கொண்டுபோகிறார் என்று ரெண்டு பாடம் பாருங்கள். பார்த்த பிறகு என் பிளானில் புதுச் சொற்களைப் பதினைந்திலிருந்து எட்டாகக் குறைத்தேன்.

இந்தத் தளங்களில் இருப்பதில் பாதி ஐரோப்பா, அமெரிக்கப் பிள்ளைகளை மனசில் வைத்துச் செய்தது. முதல் வருஷம், பிப்ரவரி கடைசி. 'நாலு பருவங்கள்' என்று அழகான ஒர்க்‌ஷீட் ஒன்றை 42 பிரதி எடுத்துக்கொண்டு போனேன். பனி பொம்மை, கையுறை, இலை உதிரும் மரம். படத்துக்கு நேராகப் பருவத்தின் பேரை எழுத வேண்டும். ரெண்டாவது பெஞ்சுப் பிள்ளை ஒருத்தி, இலை உதிரும் மரத்துக்கு நேராக 'ஹாட்' என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டேன். நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் ஜன்னலைப் பார்த்தேன். வெளியே தேக்கு மரம் மொட்டையாக நிற்கிறது, கீழே முழுக்கச் சருகு, வெயில் சுட்டெரிக்கிறது. அங்கே வெயில், மழை, குளிர் என்று மூன்றே பருவம். ஈசானில், அதாவது நம் வடகிழக்குப் பகுதியில், இலை கொட்டுவதும் வெயிலோடுதான். அவள் எழுதியது சரி. மறுநாள் குறியை அடித்துவிட்டு நட்சத்திரம் போட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து தளத்தில் எடுப்பதில் சட்டகத்தை மட்டும் வைத்துக்கொள்கிறேன், படங்களையும் சொற்களையும் மாற்றிவிடுவேன். சாண்ட்விச்சுக்குப் பதில் ஒட்டரிசிச் சோறு, ரயிலுக்குப் பதில் சோங்தேவ் என்ற பெஞ்சு போட்ட ஷேர் வண்டி.

சாட்ஜிபிடியிடம் கேட்கலாமா என்றால், தாராளமாக. ஆனால் 45 பிள்ளைகள், 50 நிமிஷம், ஒரே ஒரு கரும்பலகை என்று சொல்லிக் கேளுங்கள். சொல்லாவிட்டால் ஆளுக்கொரு டேப்லெட் இருக்கிற வகுப்புக்கு பிளான் போட்டுத் தரும்.

உச்சரிப்புக்குப் பொதுவான ஒர்க்‌ஷீட் அதிகம் உதவாது. தாய்லாந்து மொழியில் சொல்லின் கடைசியில் 'ல்' வராது, 'ன்' ஆகிவிடும். முதலில் ரெண்டு மெய் சேர்ந்து வந்தாலும் பல நேரம் நடுவில் ஓர் 'அ' நுழையும். நம்மூரில் 'இஸ்கூல்' என்கிறோமே, அங்கே 'சகூன்'. இதற்கான பயிற்சியை நீங்களேதான் எழுதிக்கொள்ள வேண்டும்.

முதல் வாரத்துக்கு எதுவுமே தேட வேண்டாம். அங்கே எல்லாப் பிள்ளைக்கும் செல்லப்பேர் உண்டு, அதில் பாதி இங்கிலீஷ்: பேங்க், ஐஸ், மின்ட். அட்டையில் அவரவர் பேரை எழுதி, படம் வரைந்து, எழுந்து நின்று சொல்லச் சொல்லுங்கள். ஒரு பீரியட் ஓடிவிடும், உங்களுக்கும் பேர் மனப்பாடமாகும். நான் இதைச் செய்யாமல் ஒரு பையனை மூன்று மாசம் 'பான்' என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் நோட்டில் தன் பேருக்குப் பக்கத்தில் கால்பந்து வரைந்திருந்தான். அப்போதுதான் புரிந்தது, அவன் பேர் 'பால்'.