ஒன்றாம் தேதிக்காகக் காத்திருப்பவர்

வணக்கம்.

எனக்கு வயது 32. நல்ல பழக்கங்களை ஏற்படுத்திக்கொள்ள நான்கு ஆண்டுகளாக முயல்கிறேன். காலை ஐந்து மணிக்கு எழுவது, அரைமணி நேர ஓட்டம், தியானம், இருபது பக்க வாசிப்பு, இரவில் நாட்குறிப்பு. எல்லாவற்றையும் செல்பேசிச் செயலி ஒன்றில் பதிந்து ஒன்றாம் தேதி தொடங்குவேன். பதினைந்து, இருபது நாள் ஒழுங்காகப் போகும். பிறகு ஒரு நாள் தவறும். செயலியில் எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வந்துவிடும். அதைப் பார்த்ததும் மற்ற எல்லாமும் விட்டுப்போகும். அடுத்த ஒன்றாம் தேதிக்காகக் காத்திருப்பேன். 21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்கள். நான் அந்த 21ஐத் தாண்டியதே இல்லை. எனக்கு மனஉறுதி இல்லையா? அதை வளர்க்க என்ன வழி? நீங்கள் தினமும் எழுதுவது எப்படி?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பழக்கங்களைப் பற்றி வரும் கடிதங்களுக்கு நான் பெரும்பாலும் பதில் எழுதுவதில்லை. உங்கள் கடிதத்தில் ‘அடுத்த ஒன்றாம் தேதிக்காகக் காத்திருப்பேன்’ என்ற வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. ஒரு நாள் விட்டுப்போனால் அதற்கு மறுநாள் நாம் என்ன செய்கிறோம் என்பதைத்தான் சில வாரங்களாக நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். ஐந்து மணிக்கு எழுந்தே ஆகவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. நன்றாகத் தூங்கி எழுங்கள், போதும். எந்தச் செயலி என்பதில் எனக்கு அக்கறை இல்லை. நான் எப்படி எழுதுகிறேன் என்பதை இன்னொரு நாள் பேசலாம்.

அந்த 21 எங்கிருந்து வந்தது தெரியுமா? மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960இல் வெளியிட்ட ஒரு புத்தகத்திலிருந்து. முகத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் கண்ணாடியில் தெரியும் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது சுமார் 21 நாள் ஆகிறது என்று தன் நோயாளிகளைப் பார்த்து எழுதினார். அது கைமாறிக் கைமாறி எல்லாப் பழக்கத்துக்குமான சட்டமாகிவிட்டது. முகம் பழகுவதற்கும் நீங்கள் காலையில் ஓடுவதற்கும் என்ன சம்பந்தம்? ஒரு தடவையாவது கேட்டீர்களா? கேட்காமலே நான்கு ஆண்டுகளாக அந்த எண்ணிடம் தோற்றுக்கொண்டிருக்கிறீர்கள்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி என்பவரும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்தே பார்த்தார்கள். அந்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. 96 பேர், 12 வாரம். ஆளுக்கு ஒரே ஒரு பழக்கம். உங்களைப் போல ஐந்து இல்லை. காலை உணவுக்குப் பிறகு என்பது போல அன்றாடம் வரும் ஏதாவதொரு வேளையோடு சேர்த்து அதைத் தினமும் செய்ய வேண்டும். யோசிக்காமல் தானாகவே செய்யும் நிலைக்கு வர எடுத்த காலத்தின் நடுமதிப்பு 66 நாள். ஒருவருக்கு 18 நாளே போதுமாக இருந்தது. மறுமுனையில் இன்னொருவருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு வந்தது. (ஆய்வு நடந்ததே 84 நாள்தான். இது, போகிற போக்கை வைத்து நீட்டிப் பார்த்த மதிப்பீடு.) ஆகவே 21ஐ விட்டுவிட்டு 66ஐப் பிடித்துக்கொள்ளாதீர்கள்.

அந்த ஆய்வில் உங்களுக்கான செய்தி வேறு. இடையில் ஒரு நாள் தவறியது, பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கவில்லை. தயவுசெய்து இந்த வரியை இன்னொரு முறை படியுங்கள்.

நம்முடைய பொதுப்புத்தி இதை நம்பாது. 1890இல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் இதற்கு நேர்மாறாகத்தான் எழுதினார். புதுப் பழக்கம் வேரூன்றும்வரை ஒரு விதிவிலக்குக்கும் இடம் தராதே, ஒரு முறை தவறுவது சுற்றிக்கொண்டிருக்கும் நூற்கண்டைக் கைநழுவ விடுவது போல, பல சுற்றுகள் ஒரே நழுவலில் அவிழ்ந்துவிடும் என்றார். ஜேம்ஸ்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. மனதைப் பற்றி அவ்வளவு தெளிவாக எழுதியவர்கள் குறைவு. ஆனாலும் இந்த இடத்தில் அவரை நான் ஏற்கமாட்டேன். பழகிய உடம்பு பழகியதை ஒரே இரவில் மறந்துவிடாது. இருபது நாள் ஓடியது உங்கள் காலில் இருக்கிறது. பூஜ்யம் என்று சொல்வது அந்தச் செயலி மட்டும்தான்.

அப்படியானால் ஏன் எல்லாமே குலைகிறது? தவறிய நாளால் வரும் சேதம் கொஞ்சம்தான். ‘எல்லாம் போச்சு’ என்ற முடிவுதான் மிச்சத்தையும் கொண்டுபோகிறது. 1975இல் ஹெர்மன், மேக் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் நடத்திய ஒரு சோதனையில், உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களில் சிலருக்கு மட்டும் முதலில் மில்க்ஷேக் கொடுத்தார்கள். அப்புறம் எல்லோரும் ஐஸ்கிரீமை விருப்பம்போலச் சாப்பிடலாம் என்றார்கள். மில்க்ஷேக் குடிக்காதவர்களைவிடக் குடித்தவர்களே அதிகம் சாப்பிட்டார்கள். வயிறு நிறைந்திருந்தது. ஆனால் விரதம் கெட்டுவிட்டது, இனி என்ன என்று மனம் அவிழ்த்துவிட்டது. நீங்கள் மாதாமாதம் செய்வது இதைத்தான்.

இருபது நாள் ஐந்து காரியங்களைச் செய்து காட்டுகிற ஒருவர் தனக்கு மனஉறுதி இல்லை என்று எழுதுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. உங்களுக்கு வேண்டியிருப்பது கறைபடாத ஒரு கணக்கு. 17ஆம் தேதி தவறினால் 18 என்ன பாவம் செய்தது? மாதக் கடைசி வரை மிச்சமிருக்கும் நாட்களைத் தூக்கியெறிய உங்களுக்கு எப்படி மனம் வருகிறது? ஒன்றாம் தேதிக்காகக் காத்திருப்பது சோம்பலைவிட மோசம் என்றே சொல்வேன். சோம்பேறிக்குத் தான் சும்மா இருப்பது தெரியும். நீங்களோ ஏதோ தயாராகிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்கிறீர்கள். கோபமாக எழுதுகிறேன், வருத்தப்படாதீர்கள். நான்கு ஆண்டு என்பது சின்னக் காலம் இல்லை.

என் அத்தை ஐம்பது வயதுக்கு மேல்தான் எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றுக்கொண்டார். இரவு பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி விளக்கடியில் உட்காருவார். வரிக்குக் கீழே விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக நகர்த்துவார். சில நாள் அரைப் பக்கம், சில நாள் இரண்டு வரி. மாமா படுக்கையில் விழுந்தபோது அது நின்றது. அவர் இறந்து வெகுநாள் வரை அத்தை புத்தகத்தைத் தொடவில்லை. ஒருநாள் இரவு எடுத்து மடித்து வைத்திருந்த பக்கத்தைப் பிரித்தார். சிறுவனாக இருந்த நான், “முதல்லேருந்து படிக்கணுமா அத்தை?” என்று கேட்டேன். “எதுக்குடா? விட்ட இடம் இங்கதானே இருக்கு” என்றார். விரல் அந்த வரியில் போய் நின்றது. வீட்டின் வரவுசெலவு முழுவதையும் மனதிலேயே வைத்திருந்தவர் அவர். இதற்கு மட்டும் அவர் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. கடைசிக் காலத்தில் அக்கம்பக்கத்தாருக்கு வந்த கடிதங்களை அவர்தான் வாசித்துக் காட்டினார்.

கணக்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 13 நற்பண்புகளுக்குக் கட்டம் போட்டு, தவறிய இடங்களில் கரும்புள்ளி வைத்தார். வாரம் ஒரு பண்பில் முழுக் கவனம், 13 வாரத்தில் ஒரு சுற்று. அடுத்த சுற்றுக்காகப் பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாளே ஓட்டையாகிவிட்டது. பிறகு ஈரப் பஞ்சால் துடைக்கக்கூடிய தந்த ஏடுகளுக்கு அதை மாற்றிக்கொண்டார் என்று தன்வரலாற்றில் எழுதுகிறார். ஒழுங்கு என்ற பண்பு அவருக்குக் கடைசிவரை வசப்படவில்லை. அதற்காக மற்ற பன்னிரண்டையும் அவர் வீசிவிடவில்லை. புள்ளி வைத்தவர் துடைக்கவும் தெரிந்தவராக இருந்தார். நீங்கள் புள்ளியைப் பார்த்ததும் நோட்டையே கிழிக்கிறீர்கள்.

சரி, என்ன செய்யலாம் என்று கேட்டீர்கள். ஓட்டமும் தியானமும் நாட்குறிப்பும் இப்போதைக்கு வேண்டாம். வாசிப்பு மட்டும் இருக்கட்டும். அதுவும் இருபது பக்கம் வேண்டாம், இரண்டு பக்கம். ஏற்கெனவே தவறாமல் செய்யும் ஏதாவது ஒரு வேலைக்குப் பிறகு, எப்போதும் அதே இடத்தில் உட்கார்ந்து வாசியுங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாளும் அதே இரண்டு பக்கம்தான். ஈடுகட்ட நான்காக்க வேண்டாம். அந்தத் தண்டனைதான் மூன்றாம் நாளையும் கெடுக்கும். தானாக நடக்கத் தொடங்கியபின் அடுத்ததைப் பார்ப்போம்.

இந்தப் பதில் எந்தத் தேதியில் உங்கள் கண்ணில் பட்டாலும் அன்று இரவே தொடங்குங்கள். அடுத்த கடிதத்தில் எத்தனை நாள் ஆயிற்று என்று எழுத வேண்டாம். என்ன வாசித்தீர்கள் என்று எழுதுங்கள். அதைப் பற்றி உங்களோடு பேச எனக்கு ஆசையாக இருக்கிறது.

அன்புடன்.