கேள்வி – பதில்: கசங்கி வரும் ஒளியை அளப்பது எப்படி?

கேள்வி: சிலி நாட்டின் பரனால் மலையிலுள்ள தொலைநோக்கி ஒன்று வானில் நான்கு ஆரஞ்சு லேசர்களைப் பாய்ச்சும் படத்தைப் பார்த்தேன். காற்றின் கலக்கத்தை அளக்கவாம். கண்ணுக்கே தெரியாததை எப்படி அளக்கிறார்கள்?

பதில்: அது ‘யெப்புன்’ என்ற 8.2 மீட்டர் தொலைநோக்கி. 589 நானோமீட்டர் லேசர், சுமார் 90 கி.மீ. உயரத்திலுள்ள சோடியம் அணுக்களை ஒளிர வைக்கிறது. அதுதான் செயற்கை விண்மீன். அதன் ஒளி கீழே இறங்கும்போது சூடும் குளிருமான காற்றில் புகுந்து, சில இடங்களில் முந்தியும் சில இடங்களில் பிந்தியும் வருகிறது. சீராக வரவேண்டிய அலைமுகம், அதாவது ஒளி அலையின் முன்பரப்பு, கசங்கிவிடுகிறது. அளப்பது இந்தக் கசங்கலைத்தான்.

தொலைநோக்கியின் பெரிய ஆடியின் பிம்பம் விழும் இடத்தில், 40-க்கு 40 என நுண்வில்லைகள் பதித்த தகடு இருக்கிறது. இதற்கு ஷாக்–ஹார்ட்மன் உணரி என்று பெயர். ஒவ்வொரு வில்லையின் பங்கும் பெரிய ஆடியில் ஏறத்தாழ 20 செ.மீ. சதுரம். அந்த ஒளியை அது 6-க்கு 6 பிக்சல் கட்டத்துக்குள் ஒரு புள்ளியாகக் குவிக்கும். அலை அங்கே சாய்ந்திருந்தால் புள்ளி நகரும். ஒரு பாகையில் 7,200-ல் ஒரு பங்கு சாய்வு என்றால், அந்த 20 செ.மீ.க்குள் அலையின் ஒரு விளிம்பு மற்றதைவிட அரை மைக்ரான் பிந்தியிருக்கிறது என்று பொருள்.

எங்கிருந்து நகர்ந்தது என்பதில்தான் அதிகக் கவனம் வேண்டும். கட்டத்தின் நடுவைத் தொடக்கமாகக் கொள்ளக் கூடாது. கருவிக்குள் இருக்கும் விளக்கின் சீரான ஒளியை அனுப்பி, புள்ளிகள் விழும் இடங்களை முன்பே பதிந்து வைக்க வேண்டும். தவறினால் உணரியின் சொந்தக் குறையும் காற்றின் கணக்கில் சேரும். கசங்கலைத் திருத்த வேண்டிய வளையும் ஆடியே, நன்றாக இருக்கும் பிம்பத்தைக் கெடுத்துவிடும்.

இந்தச் சாய்வுகளைக் கணினி சேர்த்துக் கணக்கிட்டு, சுமார் 2 மி.மீ. கனமே உள்ள இரண்டாம் ஆடியை, தள்ளி இழுக்கும் 1,170 இயக்கிகளால் கசங்கலை ஈடுகட்டும்படி வளைக்கிறது. நொடிக்கு ஆயிரம் முறை!

இயக்கிகள் வில்லைக் கட்டங்களின் மூலைகளில் அமைந்த கருவிகளில் ஒரு சிக்கல் வரும். சதுரங்கப் பலகை போல ஒன்றுவிட்டு ஒன்று ஏறி இறங்கினால், ஒவ்வொரு வில்லைக்கும் சராசரிச் சாய்வு பூஜ்யம். உணரிக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் படத்தில் விண்மீனைச் சுற்றி நான்கு போலிப் புள்ளிகள் முளைக்கும். அந்த வடிவத்தைக் கணக்கிலிருந்தே வடிகட்ட வேண்டும்.

கேள்வி: லேசர் இருந்தும் பக்கத்தில் ஓர் உண்மை விண்மீனைத் தேடுவது ஏன்?

பதில்: மேலே போகும்போது லேசரைக் காற்று எவ்வளவு விலக்குகிறதோ, திரும்பும்போதும் ஏறக்குறைய அவ்வளவே விலக்குகிறது. இரண்டும் கழிந்துபோவதால் பிம்பம் மொத்தமாக ஆடும் ஆட்டத்தை லேசரால் சொல்ல முடியாது. அதற்கு உண்மை விண்மீன் வேண்டும். முழு ஆடியின் ஒளியும் ஒரே புள்ளியில் சேர்வதால் மங்கலானதே போதும்.